யாருடைய துணிவு?

அண்மையிற் கல்லூரியொன்றின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தோம். பிரதம விருந்தினராக வந்திருந்த பெரியவர், மாணவருக்கு முன்மாதிரியாக அமெரிக்காவின் அப்பிள் கம்பனி பிறந்த கதையை எடுத்துரைத்தார். கலிபோர்ணியாவிலே ஒரு வீட்டுக் கராஜ். அதனுள்ளே இரண்டு இளைஞர். கையிலே காசில்லை, நெஞ்சிலே துணிவு மாத்திரம் உண்டு. அத்துணிவு இன்று உலகத்தையே உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டது. "பிள்ளைகளே, உங்களுக்கும் அந்தத் துணிவு வேண்டும்" என்று முடித்தார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தினால் நாமும் தட்டினோம். வீடு திரும்பும் வழியிலேதான் அந்தக் கைதட்டலைப்பற்றி வெட்கப்படத் தொடங்கினோம்.

வெட்கப்படக் காரணம் உண்டு. கராஜில் நடந்ததாகச் சொல்லப்படும் வேலையிற் பெரும்பகுதி அங்கே நடக்கவில்லை என்பதை அவ்விரு இளைஞருள் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியக் என்பவரே 2014இற் பகிரங்கமாகக் கூறிவிட்டார். தாம் சம்பளத்துக்கு வேலைசெய்த ஹியூலெற் பக்கார்ட் கம்பனியின் மேசையிலிருந்தே தமது வேலையைப் பெரும்பாலும் செய்ததாகச் சொன்னார். இடம் எதுவாயினும் ஆகட்டும். காசு எங்கிருந்து வந்தது என்பதே எமது வினா. 1977இல், இன்டெல் கம்பனியின் பங்குகளாற் செல்வரான மைக் மார்க்குலா என்பவர் முதலிட முன்வந்தார். 1978 ஜனவரியில் வென்றொக் என்னும் நிறுவனம் 288,000 டொலர் கொடுத்துப் பங்கு வாங்கிற்று. இந்தப் பெயரைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். 'வென்' என்பது துணிகர முயற்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலை. 'றொக்' என்பதோ றொக்பெல்லர் என்னும் குடும்பப் பெயரின் தலை. காசில்லாத கராஜுக்குள் வந்து சேர்ந்தது, நூறாண்டு காலமாக நிலத்துக்கடியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட எண்ணெய்ப் பணமும் நிலக்கரிப் பணமுமாகும். பிரதம விருந்தினரின் கதையில் இந்த அத்தியாயம் இல்லை.

இவ்வகைப் பணத்தைக் காத்து வளர்ப்பதற்கென்று ஒரு தனி அமைப்பு உண்டு. அதற்குக் குடும்பக் காரியாலயம் என்று பெயர். எமது பேச்சு வழக்கிற் குடும்பக் கந்தோர் எனலாம். பெருஞ்செல்வக் குடும்பமொன்று தன் சொத்துக்களைப் பராமரிக்கவும், வரியைக் குறைக்கவும், பேரன் பூட்டன் காலத்துக்கும் செல்வம் சிதறாமற் காக்கவும் கணக்காளரையும் சட்டத்தரணிகளையும் முதலீட்டு நிபுணரையும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்கிறது. ஜோன் டி. றொக்பெல்லர் 1882இல் நிறுவிய காரியாலயமே நவீன காலத்தின் முதலாவது குடும்பக் காரியாலயம் என்று அத்துறையினர் பெருமையுடன் கூறுவர். பிற்காலத்தில் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பிளாசாவில் 56ஆம் மாடியிலே '5600ஆம் அறை' என்ற பெயரில் அது இயங்கிற்று. அறை என்றார்களே தவிர, முழு மாடியும் அவர்களுடையதே. ஒரு குடும்பத்துக்கு இத்தனை நிபுணரையும் வைத்திருப்பது செலவு கூடிய காரியம். ஆகவே வேறு சில செல்வக் குடும்பங்களையும் வாடிக்கையாளராகச் சேர்த்துக் கட்டணம் வாங்கும் வழக்கம் உண்டாயிற்று. இதுவே பல்குடும்பக் காரியாலயம். றொக்பெல்லர் காரியாலயம் 1980இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவிற் பதிவுசெய்துகொண்டு பிறருக்கும் கதவைத் திறந்தது. 2018இல் அதன் பெரும்பங்கு வேறொரு நிதி நிறுவனத்தின் கைக்கு மாறிற்று, பெயர் மாத்திரம் மாறவில்லை. அந்தப் பெயருக்கு இன்னும் விலையுண்டு.

இக்காரியாலயங்கள் இன்று தம் வாடிக்கையாளரின் பணத்தை முனைந்து செலுத்தும் துறைகளுள் ஒன்று தொழினுட்பக் கம்பனிகள். இதனைத் 'துணிகர முதலீடு' என்று அழைக்கிறார்கள். சொல்லிலேயே புகழ்ச்சி அடங்கிவிட்டது. துணிந்தவன் வெகுமதி பெறுவது நியாயந்தானே என்று கேட்பவர் மனம் இளகிவிடும். எமது பாடசாலைகளில் வர்த்தகம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே கற்பிக்கிறோம்: நிலத்துக்கு வாடகை, உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, இடரை ஏற்பதற்கு இலாபம். இந்த நான்காவது வாக்கியத்தை நாம் கேள்விக்குள்ளாக்க விரும்புகிறோம். இடரை ஏற்றவர் யார்?

கொலராடோ மாநிலத்திலே, றொக்பெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த கொலராடோ எரிபொருள் இரும்புக் கம்பனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அம்மாநிலத்துச் சுரங்கங்களில் நிகழ்ந்த சாவு வீதம் நாட்டின் சராசரியைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. தொழிலாளிக்குக் கூலி, அவன் மேலே அனுப்பும் நிலக்கரியின் நிறைக்கே கொடுக்கப்பட்டது. கூரை இடிந்து விழாமல் மரந்தாங்கி நிறுத்துவதும், வண்டிக்குத் தண்டவாளம் போடுவதும் கூலியில்லாத வேலைகள். தன் உயிரைக் காக்கும் மரத்தை நிறுத்த ஒரு மணி நேரம் செலவிட்டால் அந்த ஒரு மணி நேரச் சோற்றை இழக்க வேண்டும். நாள்தோறும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே அவன் குழிக்குள் இறங்கினான். இடர் என்ற சொல்லுக்கு இதைவிடத் திருத்தமான பொருளை எந்தப் பொருளியல் நூலிற் காணமுடியும்?

1913 செப்டெம்பரில் அத்தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொள்ளல், எட்டு மணி நேர வேலை, நிலக்கரி நிறுக்கும்போது தம் பிரதிநிதியும் அருகிருத்தல், கம்பனிக் கடையில்லாத வேறு கடையிலும் பண்டம் வாங்கும் உரிமை, கூலியில்லாத வேலைக்குக் கூலி என்பன அவர்களுடைய கோரிக்கைகளுட் சில. கம்பனி வீடுகளிலிருந்து உடனே துரத்தப்பட்டனர். சங்கம் குத்தகைக்கு எடுத்த வெளிகளிலே கூடாரமடித்துக் குளிர்காலத்தைக் கழித்தனர். அவற்றுட் பெரியது லட்லோ என்னும் இடம். சுமார் 1,200 பேர் அங்கே இருந்தனர். கம்பனியின் காவலர் கூடாரங்களை நோக்கி அவ்வப்போது சுட்டமையால், பெண்களும் பிள்ளைகளும் ஒளிந்துகொள்வதற்காகக் கூடாரத் தரையின் கீழே குழிகள் தோண்டப்பட்டன. 1914 ஏப்ரில் 20ஆந் திகதி மாநிலப் படையினரும் கம்பனிக் காவலரும் இயந்திரத் துப்பாக்கிகளால் நாள் முழுவதுஞ் சுட்டு, மாலையிலே கூடாரங்களுக்குத் தீமூட்டினர். ஒரு குழியினுள்ளே இரு பெண்களும் பதினொரு பிள்ளைகளும் மூச்சடைத்து மாண்டனர். தொழிலாளரின் தலைவர்களுள் ஒருவரான லூயிஸ் டிக்காஸ் என்ற கிரேக்கர் பிடிபட்ட பின்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அச்சம்பவத்துக்கு இரு வாரங்களுக்கு முன்னரே ஜோன் டி. றொக்பெல்லர் இளையவர், வாஷிங்டனிலே காங்கிரஸ் குழுவொன்றின் முன் சாட்சியமளித்திருந்தார். தாம் பத்து ஆண்டுகளாக அப்பகுதிக்குச் சென்றதில்லை என்றார். தொழிலாளர் கொல்லப்படினும் சங்கத்தை ஏற்பதில்லை என்ற நிலையிலிருந்து விலகமாட்டீரா என்று வினவப்பட்டபோது, அது ஒரு மகத்தான கொள்கை என்று விடையிறுத்தார். லட்லோவின் பின் உலகம் காறி உமிழ்ந்த வேளையில், குடும்பத்தின் பெயரைத் துலக்குவதற்காக ஐவி லீ என்னும் விளம்பர விற்பன்னரை வேலைக்கு அமர்த்தினார். கராஜுக் கதைகளைப் பரப்பும் கலைக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. வேலைநிறுத்தம் அவ்வாண்டு டிசெம்பரிலே தோல்வியில் முடிந்தது. சங்கம் ஏற்கப்படவில்லை.

லட்லோ எரிந்தபோது அந்த இளையவரின் மகன் லோறன்ஸ் மூன்று வயதுப் பாலகன். குழியில் மாண்ட பிள்ளைகளுட் சிலர் ஏறத்தாழ அவனுடைய வயதினர். அவன்மேல் நாம் குற்றம் சுமத்தவில்லை. குழந்தை தன் தொட்டிலைத் தானே தெரிவுசெய்வதில்லை. ஆனால் 1934இல் தந்தை தன் பிள்ளைகளின் பெயரில் நம்பிக்கைப் பொறுப்புச் சொத்துக்களை ஏற்படுத்தினார். லோறன்ஸ் றொக்பெல்லர் வளர்ந்து குடும்பத்தின் துணிகர முதலீட்டாளராகப் புகழ்பெற்றார். 1938இல் ஈஸ்டேர்ண் விமானக் கம்பனியிலும், அடுத்த ஆண்டு மக்டொனல் என்னும் விமான உற்பத்திக் கம்பனியிலும் பணமிட்டார். இரண்டாவது கம்பனியை வளர்த்தவை போரும் படைத்துறையின் கொள்வனவுகளுமேயாகும். 1969இல் வென்றொக் பிறந்தது, இன்டெல்லின் ஆரம்பகால முதலீட்டாளருள் அதுவும் ஒன்று, பின்னர் அப்பிள். வரலாற்றாசிரியர் அவரது தீர்க்கதரிசனத்தை வியக்கின்றனர். தீர்க்கதரிசனம் இருந்திருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவருடைய 'இடர்' யாது? பத்துக் கம்பனிகளிற் பணத்தைப் பகிர்ந்திட்டு, எட்டு மூழ்கினாலும் இரண்டு மிதந்தாற் போதும் என்ற ஏற்பாடு அது. எட்டும் மூழ்கிய நாளிலும் 56ஆம் மாடியில் மதிய உணவு நேரத்துக்கு வந்திருக்கும். மரந்தாங்கியா நிலக்கரியா என்று கணக்குப் பார்க்கும் தேவை அங்கே எவருக்கும் எழவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை மாத்திரமன்று. அன்ட்று கார்னெகியின் உருக்குத் தொழிலிற் பங்காளியாயிருந்த ஹென்றி பிப்ஸ், 1901இல் அக்கம்பனி விற்கப்பட்டபோது கிடைத்த பெருஞ்செல்வத்தைப் பராமரிப்பதற்காக 1907இற் பெசெமர் நிறுவனத்தைத் தொடக்கினார். உருக்கு வார்க்கும் முறைக்குப் பெயர் கொடுத்த ஹென்றி பெசெமரின் பெயரே இதற்கும் இடப்பட்டது. அந்த உருக்கின் பின்னால் 1892ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தம் உண்டு. ஆயுதந்தாங்கிய பிங்கர்ட்டன் காவலரை நதிவழியே படகில் ஏற்றி வந்து தொழிலாளருடன் மோதவிட்டு, சங்கத்தை முறியடித்த வரலாறு அது. 1974இற் பெசெமர் பிற குடும்பங்களுக்கும் திறக்கப்பட்டது. அதே குடும்பப் பணத்திலிருந்து கிளைத்த பெசெமர் துணிகர முதலீட்டு நிறுவனம் பிற்காலத்தில் ஸ்கைப், லிங்ட்இன், ஷொப்பிபை முதலியவற்றிற் பங்கு பெற்றது. இந்நிறுவனத்தார் ஒரு வேடிக்கை செய்கிறார்கள். தாம் முதலிட மறுத்து, பின்னர் மாபெருங் கம்பனிகளாக வளர்ந்தவற்றின் பட்டியலைத் தாமே வெளியிட்டுச் சிரிக்கிறார்கள். கூகிள், அப்பிள், பேஸ்புக், இன்டெல் எல்லாம் அதில் உண்டு. பெடெக்ஸ் கம்பனியை ஏழு தடவை நிராகரித்தார்களாம். எம்மிலே எத்தனை பேர் தம் வாழ்வின் தவறுகளை இவ்வளவு இன்பமாக எண்ணிச் சிரிக்க முடியும்? தவறினால் உலை ஏறாது என்ற வீட்டில் தவறு நகைச்சுவையாவதில்லை. கூகிளைக் கைவிட்டும் குறையாத செல்வத்தை வைத்துக்கொண்டு இடரைப்பற்றி எமக்குப் போதிக்க வருவதுதான் உண்மையான வேடிக்கை.

தொழினுட்பத்தின் கடினமான முதற்கட்டத்திலே, பயன் வருமோ வராதோ என்று எவருக்கும் தெரியாத காலத்திலே, பெரிய சுமையைத் தாங்கியது யார் என்று பார்த்தால் அங்கும் இக்குடும்பங்களைக் காண்பது அரிது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உற்பத்தியான ஒருங்கிணைந்த மின்சுற்றுக்களின் பெரும்பகுதியை வாங்கியது அரசாங்கம். ஏவுகணைகளுக்காகவும் சந்திரப் பயணத்துக்காகவும் வாங்கிற்று. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1969இல் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் உருவாயிற்று. மேசைமேல் நாம் உருட்டும் 'மவுஸ்' என்னும் கருவியும் அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் விளைந்ததே. அந்தப் பணத்தைச் செலுத்தியோர் வரிசெலுத்தும் பொதுமக்கள். விதைத்தவனும் நீர் இறைத்தவனும் ஒருபுறம் நிற்க, கதிர் முற்றிய பின் வரப்பில் வந்து நின்றவனைத் துணிச்சற்காரன் என்கிறோம்.

சரி, அறுவடையிலாவது அப்பொதுமக்களுக்கு ஒரு பங்கு வரியாகத் திரும்புகிறதா? பல்குடும்பக் காரியாலயங்கள் விற்கும் மிக விலையுயர்ந்த சரக்கு முதலீட்டு ஞானமன்று. வரிச்சட்டத்தின் இடுக்குகளைப்பற்றிய ஞானமே. இங்கே சற்று விரிவாக நோக்குதல் தகும். எமது ஆசிரியர் பலர் இவ்விஷயத்தைச் சலிப்பானதென்று விட்டுவிடுகின்றனர், சலிப்பானதாகத் தோற்றுவதே அதன் பாதுகாப்பு.

அமெரிக்கச் சட்டப்படி பங்கின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் அதனை விற்கும்வரை மூலதன இலாப வரி இல்லை. ஒருவர் 1 டொலருக்கு வாங்கிய பங்கு 1,000 டொலராகிவிட்டதென வைத்துக்கொள்வோம். அவர் அதனை விற்பதில்லை. அடகுபோலக் காட்டி வங்கியிலே கடன் வாங்கிச் செலவு செய்கிறார். கடன் வருமானமன்று, ஆகவே அதற்கும் வருமான வரி இல்லை. அவர் இறக்கிறார். பிள்ளைகள் பங்கைப் பெறும்போது, அதனை 1,000 டொலருக்கே வாங்கியதாகச் சட்டம் பாவனை செய்கிறது. மறுநாள் விற்றால் இலாபம் பூச்சியம். இடையிலிருந்த 999 டொலர் இலாபத்துக்கு எக்காலத்திலும் எவரும் அவ்வரியைச் செலுத்தப்போவதில்லை. மரண சொத்து வரி என்று ஒன்று உண்டே எனில், அதனைத் தவிர்க்கவே நம்பிக்கைப் பொறுப்புக்கள் உள்ளன. முற்காலத்தில் அத்தகைய பொறுப்புக்கள் சில தலைமுறைகளின் பின் முடிவடைய வேண்டும் என்று சட்டம் இருந்தது. தென் டக்கோட்டா மாநிலம் 1983இல் அந்த வரையறையை நீக்கி, என்றென்றும் நிலைக்கும் பொறுப்புக்களை அனுமதித்தது. மன்னர் பரம்பரையை வாளால் ஒழித்த நாட்டிலே செல்வர் பரம்பரைக்கு நித்தியத்துவம் இப்படிப் பேனாவினால் வழங்கப்பட்டது.

இன்னுமொன்று. சிறு கம்பனிகளை ஊக்குவிப்பதாகக் கூறி 1993இல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். தகுதிபெற்ற கம்பனியொன்றின் பங்கை ஐந்தாண்டு வைத்திருந்து விற்றால் இலாபத்தில் ஒரு பகுதிக்கு வரிவிலக்கு. 2010 செப்டெம்பரின் பின் வாங்கியவற்றுக்கு விலக்கு முழுமையாயிற்று. ஒருவருக்கு ஒரு கம்பனியில் 1 கோடி டொலர் வரை என்பது பொதுவான எல்லை. 2025 ஜூலைச் சட்டம் புதிய பங்குகளுக்கு அதனை 1.5 கோடியாக்கிற்று. எல்லைதான் உண்டே என்று ஆறுதலடைய வேண்டாம். பங்குகளை விற்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் தனித்தனி நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்தி அவற்றுக்குப் பகிர்ந்தளித்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை கிடைக்கிறது. எத்தனை பொறுப்புக்களோ அத்தனை விலக்குகள். சிறு பெட்டிக்கடை நடத்துபவன் இதைக் கேள்விப்படப் போவதில்லை. கேள்விப்பட்டாலும் இதைச் செய்துகொடுக்கும் சட்டத்தரணியின் வாசற்படியை மிதிக்க அவனுக்கு வகையில்லை. பெசெமர் போன்ற காரியாலயத்தில் வாடிக்கையாளராகச் சேரவே 1 கோடி டொலர் அளவில் சொத்து வேண்டும்.

இவையெல்லாம் எப்போதாவது வெளிச்சத்துக்கு வருவதும் தற்செயலாகவே. 1974இல் நெல்சன் றொக்பெல்லர் உப ஜனாதிபதி பதவிக்கு நியமிக்கப்பட்டபோது, காங்கிரஸின் விசாரணையிலேதான் அக்குடும்பத்தின் 84 உறுப்பினரின் சொத்து நூறு கோடி டொலருக்கு மேற்பட்டது என்று அக்காரியாலயத்தின் அதிகாரி சாட்சியமளித்தார். ஒருவர் பதவிக்கு ஆசைப்பட்டிராவிடின் அதுவும் தெரிந்திராது. 2010இல், நிதி நெருக்கடியின் பின் வந்த புதிய சட்டமும் தனிக்குடும்பக் காரியாலயங்களை ஆலோசகர் பதிவிலிருந்து விலக்கியே வைத்தது. 2021 மார்ச்சில் ஆர்க்கெகொஸ் என்ற அத்தகையதொரு காரியாலயம் கடன்வாங்கிச் சூதாடி வீழ்ந்தபோது, கிரெடிட் சுவிஸ் வங்கி மாத்திரம் சுமார் 550 கோடி டொலரை இழந்தது. அவ்வங்கிக்கு 2023இல் நேர்ந்த முடிவு யாவரும் அறிந்ததே.

இன்றைய நிலைக்கு வருவோம். 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐகோனிக் என்னும் பல்குடும்பக் காரியாலயம் தோன்றியது. மார்க் சக்கர்பேர்க் உட்பட பேஸ்புக்கின் பெரும் பங்குதாரர் அதன் வாடிக்கையாளர் என்பதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியுள்ளன. இங்கே சக்கரம் முழுச்சுற்றுச் சுற்றிவிட்டது: முன்பு எண்ணெயும் உருக்கும் ஈட்டிய பணம் தொழினுட்பத்துக்குச் சென்றது, இப்போது தொழினுட்பம் ஈட்டிய பணமே தொழினுட்பத்துக்குத் திரும்புகிறது. 2014இல் இந்தியாவின் பிளிப்கார்ட் கம்பனி திரட்டிய 100 கோடி டொலரில் ஐகோனிக்கும் பங்குகொண்டது. நான்காண்டுகளின் பின் அக்கம்பனியின் 77 சதவீதம் சுமார் 1,600 கோடி டொலருக்கு வால்மார்ட் வசமாயிற்று. வெயிலிலே மோட்டார்ச் சைக்கிளிற் பொதி சுமந்து மாடிப்படி ஏறிய இளைஞர்களே அக்கம்பனியை வாடிக்கையாளரின் வாசலுக்குக் கொண்டுசென்றவர்கள். தெருவிபத்து என்னும் இடர் அவர்களுடையது. பங்கின் விலை வேறு எவருடையதோ.

2025 செப்டெம்பரிலே செயற்கை நுண்ணறிவுக் கம்பனியான அந்த்ரொபிக் 1,300 கோடி டொலர் திரட்டிற்று. அத்திரட்டலுக்குத் தலைமை தாங்கியது இதே ஐகோனிக். கம்பனியின் பெறுமதி 18,300 கோடி டொலர் என்று கணிக்கப்பட்டது. அச்செய்தி வெளிவந்த அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. திருட்டுப் பிரதிகளாக இணையத்தில் உலவிய நூல்களை அக்கம்பனி தரவிறக்கிச் சேமித்ததாக எழுத்தாளர் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 150 கோடி டொலர் கொடுக்க அது இணங்கியது. சுமார் 5 இலட்சம் நூல்கள். நூலொன்றுக்கு 3,000 டொலரளவு. நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவது நியாயமான பயன்பாடே என்றும், திருட்டுப் பிரதிகளைச் சேர்த்துவைத்தது வேறு விஷயம் என்றும் நீதிபதி அவ்வாண்டு ஜூனிலே தீர்ப்பளித்திருந்தார். நீதிமன்றத்தின் நுணுக்கங்களை விட்டுவிடுவோம். இலக்கியப் பத்திரிகையொன்றில் எழுதுவோரும் படிப்போருமாகிய நாம் இதனை எளிதிற் கடந்துவிட முடியாது. எழுத்து என்பதும் உழைப்பு. ஒருவன் இரவுகளைச் செலவிட்டு எழுதியதைச் சுரங்கம்போல் வெட்டியெடுத்து, பிடிபட்ட பகுதிக்கு ஒருமுறை விலைகொடுத்துவிட்டு, அதன்மேல் எழுந்த பெறுமதியைச் சில குடும்பங்களின் நம்பிக்கைப் பொறுப்புக்களில் என்றென்றைக்குமாக வைப்பிலிடும் ஏற்பாடு இது. எழுதியவன் பங்குதாரனல்லன். புத்தகம் விற்குமோ விற்காதோ என்ற இடரை அவன் முன்னரே தனியாக ஏற்றிருந்தான்.

எமது நண்பர் சிலர் இவ்விடத்தில் ஆட்சேபிக்கக் கூடும். இப்பணம் இல்லாவிடிற் கணினி ஏது, கைத்தொலைபேசி ஏது என்பர். நாம் விஞ்ஞானத்தின் விரோதிகளல்லர். ஆலையை எரித்தாற் கூலி உயரும் என்று நம்பிய காலத்தை உழைக்கும் வர்க்கம் என்றோ கடந்துவிட்டது. இயந்திரத்தை அன்று, இயந்திரத்தின் உறுதிப்பத்திரம் யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையே நாம் கேட்கிறோம். நாட்டுப் பணமும் நாட்டாரின் உழைப்பும் இட்ட முதலுக்கு அவர்களின் பெயரிலே பங்கு எழுதப்படாதது எந்த விஞ்ஞான விதியின்படி?

வேறொரு ஆட்சேபம் எமக்கு இன்னும் கடினமானது. ஏனெனில் அது எமது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. றொக்பெல்லர் செல்வத்திலிருந்து பிறந்த அறக்கட்டளை 1916 முதல் இலங்கையிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை நடத்திற்று. இரத்தஞ் சுண்டி வெளிறிய தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் மருந்து பெற்றனர். 1926இற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவுக்கும் அதன் உதவி இருந்தது. எமது பொதுச் சுகாதார சேவையின் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. இதனை மறைப்பது நேர்மையன்று. அம்மருந்து உண்டு பிழைத்த ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் எம் மாணவருள் இருக்கக் கூடும். ஆயினும் முழுக் கதையையும் சொல்லவேண்டும். வெறுங்காலுடன் நடந்த நிலத்திலிருந்தே புழு தொற்றிற்று. மருந்துடன் மலசலகூடமும் கட்டினாலன்றித் தொற்று மீண்டும் வரும். மலசலகூடத்துக்குச் செலவிடத் தோட்டத்துரைமார் தயங்கினர். நோய் நீங்கினாற் கொழுந்து கூடப் பறிக்கப்படும் என்ற வாதமே அவர்களிடம் எடுபட்டது. லட்லோவிலே சொந்தத் தொழிலாளிக்கு நிறுவையைச் சரிபார்க்கும் உரிமையை மறுத்த செல்வம், மாத்தளையிலும் ஹட்டனிலும் எம்மவருக்கு மருந்து தந்ததென்றால், தரும் உரிமையும் மறுக்கும் உரிமையும் ஒரே கையில் இருந்தன என்பதே அதன் பொருள். புழு நீங்கிய எம் தொழிலாளி அக்கைக்கு நன்றி சொல்லட்டும், தடையில்லை. எவ்வளவு கொடுப்பது, எங்கே கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றில் அவனுக்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை.

பரிசளிப்பு விழா முடிந்த சில நாட்களின் பின், உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயிலும் மாணவியொருத்தி எம்மிடம் வந்தாள். விழாவிலே அவளுக்குக் கிடைத்த பரிசு ஸ்டீவ் ஜொப்ஸின் வாழ்க்கை வரலாறு. அதனை முழுதும் படித்திருந்தாள். "சேர், முதல் போட்ட கம்பனி நட்டத்திலே போனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டாள். நட்டத்தைக் கணக்கிலே காட்டி, வேறு பங்குகளில் வந்த இலாபத்திலிருந்து கழித்துவிட்டு, அந்த அளவுக்கு வரியைக் குறைத்துக்கொள்வார்கள் என்று சொன்னோம். அவள் சிறிது யோசித்தாள். "அப்படியென்றால் நட்டத்திலும் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கிறதா?" என்றாள். ஆம் என்றோம். இலாபம் இடரை ஏற்பதற்கான வெகுமதி என்று பரீட்சையில் எழுதுவதா, இல்லையா என்பது அவளுடைய அடுத்த வினா. புள்ளி வேண்டுமானால் எழுது என்று சொல்ல வாயெடுத்தோம்; சொல்லவில்லை. ஞாயிறு மாலை இன்னும் ஐந்தாறு பேரை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.